பூட்டைத் திறப்பதே குற்றம்: பதிப்புரிமைச் சட்டம் டிராக்டருக்குள் புகுந்தது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று தான் வெளியிட்ட நாவலின் உட்பக்கத்தில் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டது. புத்தகத்தின் சில்லறை விலை 1 டாலர். அதற்குக் குறைவாக விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் இல்லை. மீறி விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி அதைச் சட்டை செய்யாமல் 89 சென்டுக்கு விற்றது. பாப்ஸ்-மெரில் என்ற அந்தப் பதிப்பகம் வழக்குப் போட்டது. 1908 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நூலைப் பிரதியெடுக்கவும் விற்கவும் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு, ஒருமுறை விற்றுவிட்ட பிறகு அந்தப் பிரதி என்ன விலைக்குக் கைமாற வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை கிடையாது. அடுத்த ஆண்டே இந்தக் கொள்கை அந்நாட்டுச் சட்டத்தில் ஏறியது.

பழைய புத்தகக் கடைகளும் இரவல் நூலகங்களும் நிம்மதியாக இயங்குவது இதுபோன்ற ஒரு புரிதலின் மேல்தான். விற்றவரின் பிடி விற்பனையோடு முடிகிறது. அதன் பிறகு பொருளை வாசிக்கலாம், பிரிக்கலாம், பழுதுபார்க்கலாம், விற்கலாம். சுமார் 90 ஆண்டுகள் கழித்து அந்த எச்சரிக்கைப் பக்கம் வேறு உருவில் திரும்பி வந்தது என்பதே என் கருத்து. இம்முறை அது காகிதத்தில் இல்லை, கணினிச் சில்லுக்குள் இருக்கிறது. 1908இல் சட்டம் வாங்கியவரின் பக்கம் நின்றது. இப்போது பல நாடுகளில் எச்சரிக்கையை எழுதியவரின் பக்கம் நிற்கிறது.

இந்தத் திருப்பம் நடந்த இடம் ஜெனீவா. 1996 டிசம்பரில் உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தின் பதிப்புரிமை ஒப்பந்தம் அங்கே ஏற்கப்பட்டது. இணையம் பரவத் தொடங்கிய காலம். பாட்டையும் படத்தையும் தரம் குறையாமல் கணக்கற்ற பிரதிகள் எடுக்க முடியும் என்ற அச்சம் தொழில்துறையை ஆட்டிப்படைத்தது. ஆகவே ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, படைப்பாளிகள் தங்கள் உரிமைகளைக் காக்கப் பயன்படுத்தும் தொழில்நுட்பத் தடைகளை உடைப்பதற்கு எதிராக நாடுகள் போதுமான சட்டப் பாதுகாப்பு தர வேண்டும் என்றது. அதன் வாசகத்தைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும்: பூட்டுக்கான பாதுகாப்பு பதிப்புரிமையோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பது ஒவ்வொரு நாட்டின் முடிவுக்கும் விடப்பட்டது.

அமெரிக்கா கட்டையே அவிழ்த்துவிட்டது. 1998 அக்டோபரில் கையெழுத்தான டிஜிட்டல் ஆயிரமாண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவு, ஒரு படைப்பை அணுகவிடாமல் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. உடைத்தபின் திருட்டுப் பிரதி எடுத்தாரா, சொந்தப் பொருளைச் சரிசெய்தாரா என்று அது பொதுவாகக் கேட்பதில்லை. உடைக்க உதவும் கருவிகளையும் மென்பொருளையும் செய்வது, விற்பது, பிறருக்குத் தருவது ஆகியவற்றையும் தடை செய்தது. வணிக நோக்கோடு வேண்டுமென்றே செய்தால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் டாலர்வரை அபராதம். சொந்தப் பெட்டியின் சாவி தொலைந்து பூட்டைத் தட்டியவரும், அவருக்குச் சுத்தியல் விற்ற கடைக்காரரும் ஒரே சட்டத்தின் கீழ் வருவார்கள் என்றால் எப்படியோ, அப்படி.

இது கற்பனை அச்சமல்ல என்பதைத் தொடக்க ஆண்டுகளே காட்டின. 1999இல் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுச் சிறுவன் வேறு சிலரோடு சேர்ந்து, டிவிடிகளின் பூட்டைத் திறக்கும் சிறு நிரலொன்றை வெளியிட்டான். கடையில் வாங்கிய வட்டை லினக்ஸ் கணினியில் பார்க்க வழியில்லாத காலம் அது. நார்வேயில் வழக்கு நடந்தது. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் விருப்பப்படி பார்ப்பது குற்றமாகாது என்ற அடிப்படையில் 2003இல் கீழ் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுமே அவனை விடுவித்தன. அதே நிரலை இணையத்தில் வெளியிட்ட அமெரிக்க இதழ் ஒன்றுக்கு நேர்ந்தது வேறு. நிரலை வெளியிடக் கூடாது, அது கிடைக்கும் பிற தளங்களுக்கு இணைப்பும் தரக் கூடாது என்று நியூயார்க் நீதிமன்றம் 2000இல் தடை விதித்தது.

மறு ஆண்டு திமித்ரி ஸ்க்லியாரொவ் என்ற ரஷ்ய நிரலாளர் லாஸ் வேகஸ் மாநாடு ஒன்றில் மின்னூல் பூட்டுகளின் பலவீனத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஊர் திரும்பும்போது கைது செய்யப்பட்டார். அவர் வேலை செய்த நிறுவனத்தின் மென்பொருள் ரஷ்யாவில் சட்டத்துக்கு உட்பட்டே உருவானது. 2002 டிசம்பரில் அமெரிக்க நடுவர் குழு அந்த நிறுவனத்தைக் குற்றமற்றது என்றது. வழக்குகளின் முடிவைவிட அவை விதைத்த பயம் பெரிது. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் 2001இல் இசைப் பூட்டுகளின் குறைகளை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை, இசைத்துறைச் சங்கத்தின் கடிதத்துக்குப் பிறகு ஒரு கருத்தரங்கிலிருந்து திரும்பப் பெற்றார். சில மாதங்கள் கழித்து வேறோர் அரங்கில்தான் அதை வாசிக்க முடிந்தது. கட்டுரை வாசிக்க வழக்கறிஞரின் ஆலோசனை தேவைப்படும் நிலை எனக்கு இன்றும் விபரீதமாகவே தோன்றுகிறது.

இதுவரை பேசியவை படம், பாட்டு, நூல். பதிப்புரிமைச் சட்டத்தின் சொந்த நிலம் அது. அங்கிருந்து பிரிண்டருக்கும் டிராக்டருக்கும் அது எப்படிப் போனது? காரணம் சாதாரணமானது. மென்பொருளும் பதிப்புரிமைக்கு உட்பட்ட எழுத்து வகை. இன்று ஏறக்குறைய எல்லா இயந்திரங்களுக்குள்ளும் மென்பொருள் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பூட்டைப் போட்டுவிட்டால், பூட்டைத் தொடுகிறவர் பதிப்புரிமைக்குரிய படைப்பை அத்துமீறி அணுகுகிறார் என்று வாதிட முடியும். சினிமாவைக் காக்க எழுதிய விதி, மை டப்பாவின் விற்பனையைக் காக்கத் தொடங்கியது இப்படித்தான்.

மை டப்பா என்று சும்மா சொல்லவில்லை. லெக்ஸ்மார்க் நிறுவனம் தன் பிரிண்டரின் டோனர் பெட்டியில் ஒரு சில்லை வைத்தது. வேறு நிறுவனம் மீண்டும் நிரப்பிய பெட்டியைப் பிரிண்டர் ஏற்காது. ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற நிறுவனம் அந்தச் சில்லுக்கு மாற்றைத் தயாரித்தபோது, லெக்ஸ்மார்க் 2002 இறுதியில் பதிப்புரிமைப் பூட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, முதலில் தடையாணையும் பெற்றது. காக்கப்பட்டதாகச் சொன்ன நிரல்களில் ஒன்றின் அளவு 60 பைட்டுக்கும் குறைவு. இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டு, வண்டிக் கொட்டகைக் கதவைத் திறக்கும் ரிமோட் தொடர்பான வழக்கில் இன்னொரு நீதிமன்றம், பூட்டு உடைத்தலுக்கும் பதிப்புரிமை மீறலுக்கும் நியாயமான தொடர்பு இருந்தால்தான் சட்டம் பாயும் என்றது. சரியான பாதை அது. ஆனால் அமெரிக்க நீதிமன்றங்கள் எல்லாம் அந்தப் பாதையில் நடக்கவில்லை. 2010இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொடர்பு தேவையில்லை என்றே சொன்னது. இரண்டு ஆண்டு வழக்கு நடத்த ஒரு பட்டறைக்காரரிடம் பணம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான தகராறுகள் நீதிமன்ற வாசலுக்கே வராமல் ஒரு வக்கீல் நோட்டீஸில் முடிந்துவிடுகின்றன.

டிராக்டர் விவகாரம் 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஜான் டீர் நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய கருத்துரையில், வண்டியில் உள்ள மென்பொருளைப் பொறுத்தவரை உரிமையாளருக்கு இருப்பது வண்டியின் ஆயுள்வரை அதை இயக்கும் மறைமுக உரிமம்தான் என்றது. ஒரு சென்சாரை மாற்றினால்கூட, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர் தன் கணினியை இணைத்து அனுமதி கொடுத்தால்தான் வண்டி முழுமையாக ஓடும் என்பது விவசாயிகளின் புகார். அறுவடை நேரத்தில் இயந்திரம் நின்றால் விவசாயி விற்பனையாளரின் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க விவசாயிகள் சிலர் உக்ரைனிலிருந்து வந்த பூட்டுடைத்த மென்பொருளைத் தேடி இணையத்தில் அலைவதாக 2017இல் செய்திகள் வந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்தப் பழுதுபார்ப்புக் கட்டுப்பாடுகளுக்காக டீர் மீது வழக்குத் தொடுத்தது. அது சந்தைப் போட்டியைக் காக்கும் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. பதிப்புரிமைச் சட்டம் போட்ட முடிச்சை அவிழ்க்க இன்னொரு சட்டத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் முற்றிலும் எதிர்பார்க்காமல் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் விலக்குகளை அறிவிக்கலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். நூலகர் ஒருவர் செல்பேசி, டிராக்டர், மருத்துவக் கருவி ஆகியவற்றின் தலைவிதியைத் தீர்மானிக்கும் விசித்திரம் இப்படித்தான் வந்தது. செல்பேசியை வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாற்றப் பூட்டவிழ்க்க 2006இல் விலக்கு கிடைத்தது. 2012 முடிவில் அது புதுப் பேசிகளுக்கு மறுக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டு, 2014இல் தனிச் சட்டமே இயற்றி அதை மீட்டார்கள். உணவகங்களின் ஐஸ்கிரீம் இயந்திரம் போன்றவற்றைப் பழுதுபார்க்கப் பூட்டை உடைக்கலாம் என்ற விலக்கு 2024இல்தான் வந்தது. பார்வையற்றோர் மின்னூலைக் குரலில் கேட்பதற்கான விலக்கும் இதே வரிசையில், காலக்கெடுவோடுதான் நிற்கிறது.

இந்த விலக்குகளில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உடைக்கும் செயலுக்குத்தான் விலக்கு. உடைக்கும் கருவியைச் செய்து விற்பதற்கு இல்லை. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி தன் வண்டியின் மென்பொருளைத் திறக்கலாம் என்று சட்டம் சொல்லும். ஆனால் அதைத் திறக்கும் நிரலை அவருக்கு விற்கிறவர் குற்றவாளி ஆகலாம். ஆகவே அந்த உரிமை, தானே நிரல் எழுதத் தெரிந்த விவசாயிக்கு மட்டுமே உரியது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சட்டத்தை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூட்டு யாரைக் காக்கிறது என்ற கேள்விக்கு 2015 ஒரு கசப்பான விடை தந்தது. அந்த ஆண்டு ஜூலையில், வாகன மென்பொருளை உரிமையாளர்கள் திறக்க விலக்கு தரக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எழுதியது. மக்கள் எஞ்சினைத் திருத்திப் புகையைக் கூட்டிவிடுவார்கள் என்பது அதன் கவலை. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், அதே முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருளை அந்த நிறுவனமே உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் வைத்திருந்தது. ஏமாற்று வெளிவரக் காரணமான ஆய்வாளர்கள் மென்பொருளைப் படித்தவர்கள் அல்லர். ஓடும் வண்டியின் பின்னால் கருவியை மாட்டிப் புகையை அளந்தவர்கள். பூட்டில்லாமல் இருந்தால் இது முன்பே பிடிபட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் யார் தப்புச் செய்கிறார்கள் என்ற ஊகத்தில் அந்த முகமை தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது உறுதி.

போலந்தில் நடந்தது இன்னும் நேரடியானது. நேவாக் நிறுவனத்தின் ரயில்கள் சில, வேறொரு பட்டறையில் பராமரிப்பு முடிந்தபின் கிளம்ப மறுத்தன. இயந்திரப் பழுது எதுவும் அகப்படவில்லை. டிராகன் செக்டர் என்ற நிரலாளர் குழுவை அந்தப் பட்டறை அழைத்தது. ரயிலின் மென்பொருளில் போட்டிப் பட்டறைகளின் புவியிட ஆயங்கள், அதாவது அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள், எழுதப்பட்டிருந்ததாகவும், ரயில் அங்கே சில நாள் நின்றால் தானாக முடங்கும்படி அமைத்திருந்ததாகவும் 2023 டிசம்பரில் அவர்கள் அறிவித்தார்கள். நிறுவனம் இதை மறுத்து, அந்த நிரலாளர்கள் மீதே வழக்குப் போட்டது. உண்மையை நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று அறிய ஒருவர் மென்பொருளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதும், திறந்து பார்த்தவருக்கு முதலில் கிடைப்பது வழக்கு என்பதும்தான்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருடிய செல்பேசியைச் செயலிழக்கச் செய்யும் பூட்டு அதன் உரிமையாளருக்கு நன்மையே. இதயத்தூண்டியின் மென்பொருளை யாரும் நோண்டக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாதச் சந்தாவில் ஆயிரக்கணக்கான படங்களைத் தருகிறவருக்கு, சந்தா முடிந்ததும் கதவைச் சாத்தப் பூட்டு வேண்டும். அது வாடகை, அங்கே ஒளிவுமறைவு இல்லை. ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் பூட்டு வைப்பதற்கானவை. உரிமையாளரே தன் பூட்டைத் திறந்தால் தண்டிப்பதற்கான நியாயங்கள் அல்ல. வண்டியை ஆபத்தாக மாற்றினால் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, புகையைக் கூட்டினால் சுற்றுச்சூழல் சட்டம் இருக்கிறது, திருட்டுப் பிரதி விற்றால் பதிப்புரிமைச் சட்டமே இருக்கிறது. தீங்கைத் தண்டிக்க வழி இருக்கும்போது, தீங்குக்கு முந்தைய ஒரு செயலை எல்லோருக்கும் சேர்த்துத் தடை செய்வதால், விதியை எழுதும் அதிகாரம் உற்பத்தியாளரின் கைக்குப் போகிறது. அவர் எங்கே பூட்டைப் போடுகிறாரோ அங்கே குற்றம் பிறக்கிறது. தேர்தலில் நிற்காதவருக்கு இது மிகப் பெரிய அதிகாரம்.

வேறு விதமாக எழுதவும் முடியும். இந்தியா 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 65ஏ பிரிவைச் சேர்த்தது. அப்போது இந்தியா ஜெனீவா ஒப்பந்தத்தில் சேரவே இல்லை; சேர்ந்தது 2018இல். அந்தப் பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். 2 ஆண்டுவரை சிறை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காக உடைப்பதை அது தடுக்கவில்லை. உடைக்க உதவுகிறவர் யாருக்கு, எதற்காக உதவினார் என்ற பதிவேட்டை வைத்திருந்தால் போதும். பதிவேடு வைக்கும் தொல்லை சிறு பட்டறைகளுக்குச் சுமைதான் என்றாலும், நோக்கத்தைக் கேட்கும் சட்டத்துக்கு இது நல்ல முன்மாதிரி. கனடா 2024 நவம்பரில் பழுதுபார்ப்புக்காகவும் ஒரு கருவியை இன்னொன்றோடு இணைந்து இயங்கச் செய்வதற்காகவும் பூட்டைத் திறக்க அனுமதித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் சில வகைப் பொருள்களில், தகுந்த காரணமின்றிப் பழுதுபார்ப்பைத் தடுக்கும் ஒப்பந்த விதிகளையும் மென்பொருள் உத்திகளையும் தடை செய்தது. அமெரிக்காவிலேயே ஓரிகன் மாநிலம், உதிரி பாகத்தை மென்பொருளால் கருவியோடு கட்டிப்போடும் வழக்கத்துக்குத் தடை விதித்தது.

இயந்திரங்களின் கதை ஒருவாறு நேராகிறது என்று இதைப் படித்தால் தோன்றும். உருவமற்ற பொருள்களில் அப்படிச் சொல்ல முடியவில்லை. வாங்கிய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்னது. மின்னூலுக்கு அது பொருந்தாது என்று 2019இல் அதே நீதிமன்றம் சொன்னது. வாங்கிய பாடலைக் கைமாற்றும்போது புதுப் பிரதி உருவாகிறது, ஆகவே அது பிரதியெடுத்தல் என்று அமெரிக்க நீதிமன்றம் 2018இல் முடிவு செய்தது. 2009இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லாததால், வாசகர்களின் கருவியிலிருந்து இரண்டு நாவல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. அவை ஜார்ஜ் ஆர்வெல்லுடையவை என்பது யாரும் திட்டமிட முடியாத பொருத்தம். மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது எல்லா நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஓரங்களில் குறிப்பு எழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் தந்தார்கள். கண்ணியமான நடத்தைதான்; ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் நூலைக் கடைக்காரர் இப்படி எடுத்துப்போக எந்தச் சட்டமும் இடம் தராது.

இங்கே பூட்டைத் திறக்கும் உரிமை மட்டும் போதாது, ஏனெனில் பொருளின் பாதி விற்றவரின் சர்வரில் இருக்கிறது. 2014இல் வெளியான ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை, யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் சர்வரை நிறுத்தி முடித்துவைத்தது. தனியாக ஆடுகிறவருக்கும் இணைப்பு கட்டாயம் என்பதால், கடையில் வட்டாக வாங்கியவர் கையிலும் மிஞ்சியது பிளாஸ்டிக் மட்டும். அதை எதிர்த்துக் கிளம்பிய ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை; நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். பழைய விளையாட்டுகளுக்கு இது கடினம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை ஏற்கலாம். மூன்றாம் தரப்பு நிரல்களை அவர்கள் விருப்பப்படி பகிர முடியாது. இனி உருவாகும் விளையாட்டுகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. முடிவைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்டுவது பொறியாளர்களுக்குப் புதிதல்ல. அது முடியாது என்கிறவர்கள், எந்தத் தேதிவரை இயங்கும் என்பதை விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.